மூட்டுக் கசியிழையச் சீராக்கத்தில் பரம்பரையலகுச் சிகிச்சையும் உயிர்த்திரவியங்களும்

மாணவர்களே, கலம், இழையம், பரம்பரையலகு, பல்பகுதியம், அயன், பரவல் ஆகியவற்றை நீங்கள் வெவ்வேறு பாட அலகுகளில் கற்றுள்ளீர்கள். இவை யாவும் ஒரே பிரச்சினையில் ஒன்றுசேரும் சந்தர்ப்பம் ஒன்றை இக்கட்டுரையில் நோக்குவோம். தேய்ந்த மூட்டினுள் மீண்டும் நல்ல கசியிழையத்தை உருவாக்குவது எவ்வாறு என்பதே அப்பிரச்சினையாகும்.

இது சிறிய பிரச்சினையன்று. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019 இல் ஏறத்தாழ 528 மில்லியன் மக்கள் மூட்டுத் தேய்வு நோயுடன் வாழ்ந்தனர். வேலை செய்தல், படியேறுதல், நிலத்தில் அமர்ந்து எழுதல் போன்ற அன்றாடச் செயல்கள் அனைத்தையும் இந்நோய் பாதிக்கின்றது. நோய் முற்றியபின் செயற்கை மூட்டுப் பொருத்தலாம். எனினும் செயற்கை மூட்டும் காலப்போக்கில் தேயும். ஆகவே இளம் வயதில் கசியிழையம் சேதமடைந்தவர்களுக்கு அது சிறந்த தீர்வாகாது.

1. மூட்டுக் கசியிழையத்தின் அமைப்பு

அசையும் மூட்டு ஒன்றில் இரண்டு என்புகளின் முனைகளையும் மூடி, வெண்மையான, வழுவழுப்பான படலம் ஒன்று காணப்படும். இது பளிங்குக் கசியிழையம் எனப்படும். முழங்காலில் இதன் தடிப்பு பொதுவாகச் சில மில்லிமீற்றர்கள் மாத்திரமே. எனினும் நாம் நடக்கும்போது உடல் நிறையின் 2 முதல் 3 மடங்கு வரையான சுமையை முழங்கால் மூட்டு தாங்குகின்றது.

இவ்வளவு மெல்லிய படலம் இவ்வளவு சுமையைத் தாங்குவதற்குக் காரணம் அதன் அமைப்பாகும்.

• நீர்: கசியிழையத் திணிவின் ஏறத்தாழ 65% – 80% நீராகும்.
• கொலாஜன் நார்கள்: பெரும்பாலும் இரண்டாம் வகைக் கொலாஜன். இவை வலை போலப் பின்னி இழுவிசையைத் தாங்குகின்றன.
• அக்ரிக்கன்: மறையேற்றம் கொண்ட பெரிய மூலக்கூறு. இது நேர் அயன்களைக் கவர்ந்து வைத்திருக்கும். அதனால் பிரசாரணம் மூலம் நீர் உள்ளே இழுக்கப்படும்.
• கசியிழையக் கலங்கள்: வளர்ந்தவர்களில் கனவளவின் ஏறத்தாழ 2% மாத்திரமே. மேற்கூறிய பொருட்களை உற்பத்தி செய்பவை இக்கலங்களே.

கலங்களுக்கு வெளியே உள்ள நீர், நார், அக்ரிக்கன் ஆகியவற்றின் தொகுதி தாயம் எனப்படும். மூட்டை அழுத்தும்போது தாயத்திலிருந்து சிறிதளவு நீர் வெளியேறும். அழுத்தம் நீங்கியதும் அந்நீர் மீளும். எனவே தாயம் நன்றாக இருந்தால் மூட்டு நன்றாக இருக்கும். தாயம் அழிந்தால் என்பும் என்பும் உராயும். வலியும் அழற்சியும் தோன்றும்.

2. கசியிழையம் ஏன் தானாகக் குணமடைவதில்லை?

தோலில் வெட்டுக் காயம் ஏற்பட்டால் சில நாட்களில் ஆறிவிடுகின்றது. முறிந்த என்பும் சில வாரங்களிற் பொருந்துகின்றது. ஆனால் கசியிழையத்தில் ஏற்பட்ட குழி அவ்வாறு நிரம்புவதில்லை. பிரித்தானிய வைத்தியரான வில்லியம் ஹன்ரர் 1743 இலேயே இதை அவதானித்து எழுதினார். இதற்குரிய காரணங்கள் வருமாறு:

(அ) கசியிழையத்தினுள் குருதிக் கலன்கள் இல்லை. ஆகவே காயமடைந்த இடத்தில் குருதி உறைவதில்லை. திருத்த வேலைக்கான கலங்களும் அங்கு வந்து சேர்வதில்லை. போசணையும் ஒட்சிசனும் மூட்டறைப் பாய்பொருளிலிருந்து பரவல் மூலமே கிடைக்கின்றன.
(ஆ) கலங்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. அவை தாயத்தினுள் அடைபட்டிருப்பதால் சேதமடைந்த இடத்திற்கு இடம்பெயர முடிவதில்லை.
(இ) நரம்புகள் இல்லை. ஆகவே ஆரம்பத்தில் வலி தெரிவதில்லை. வலி தெரியும்போது சேதம் பெரிதாகியிருக்கும்.

இதனை உறுதிப்படுத்தும் சுவையான சான்று ஒன்று உண்டு. 1950 களிலும் 1960 களின் ஆரம்பத்திலும் நடத்தப்பட்ட அணுகுண்டுப் பரிசோதனைகளால் வளிமண்டலத்தில் காபன்-14 இன் அளவு திடீரென உயர்ந்து பின்னர் குறைந்தது. அக்காலத்தில் உருவாகிய இழையங்களில் இக்காபன் பதிந்துள்ளது. டென்மார்க் ஆய்வாளர்கள் இதனைப் பயன்படுத்தி முழங்கால் கசியிழையத்தின் வயதை அளந்தனர். முழு வளர்ச்சியடைந்தபின் கசியிழையத்தில் புதிய கொலாஜன் ஏறத்தாழச் சேர்வதேயில்லை என்ற முடிவை 2016 இல் வெளியிட்டனர். அதாவது இளமையில் உருவாகிய கொலாஜனையே வாழ்நாள் முழுவதும் நாம் பயன்படுத்துகின்றோம்.

3. நடைமுறையில் உள்ள சில சிகிச்சைகள்

சிறுதுளை முறை: சேதமடைந்த இடத்தின் அடியிலுள்ள என்பில் சிறு துளைகள் இடப்படும். என்பு மச்சையிலிருந்து குருதியும் தண்டுக்கலங்களும் மேலே வந்து குழியை நிரப்பும். பல வகைக் கலங்களாக வியத்தமடையக்கூடிய, இன்னும் வியத்தமடையாத கலங்களே தண்டுக்கலங்கள் எனப்படும். இம்முறையில் உருவாவது பெரும்பாலும் நார்க்கசியிழையமாகும். இதில் முதலாம் வகைக் கொலாஜன் அதிகம். இது பளிங்குக் கசியிழையத்தைப் போல நீண்ட காலம் சுமையைத் தாங்குவதில்லை.

கல மாற்று முறை: சுவீடனில் உள்ள ஆய்வாளர்கள் 1994 இல் இம்முறையில் சிகிச்சை பெற்ற 23 நோயாளிகளின் பெறுபேறுகளை வெளியிட்டனர். நோயாளியின் சொந்தக் கசியிழையக் கலங்கள் சிறிதளவு எடுக்கப்பட்டு ஆய்வுகூடத்தில் பெருக்கப்பட்டு மீண்டும் மூட்டில் வைக்கப்பட்டன. 2016 இல் ஐக்கிய அமெரிக்காவில், பன்றியிலிருந்து பெறப்பட்ட கொலாஜன் மென்சவ்வில் இக்கலங்களை வளர்த்துப் பதிக்கும் முறை அனுமதிக்கப்பட்டது. கலங்களுக்குத் தாங்கியாக ஒரு திரவியம் பயன்படுவதை இங்கு கவனிக்க. ஆயினும் பெருக்கப்படும்போது இக்கலங்கள் தமது சிறப்பியல்புகளை ஓரளவு இழந்து விடுகின்றன. இரண்டு தடவை சத்திரசிகிச்சை செய்யவும் வேண்டியுள்ளது.

ஆகவே குழியில் கலங்களை வைத்தால் மட்டும் போதாது. அக்கலங்கள் சரியான தாயத்தை உற்பத்தி செய்யுமாறு அவற்றுக்கு அறிவுறுத்தலும் வழங்கப்படல் வேண்டும்.

4. பரம்பரையலகை ஏன் கொடுக்க வேண்டும்?

கசியிழையக் கலங்களைத் தூண்டும் புரதங்கள் வளர்ச்சிக் காரணிகள் எனப்படும். இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி-1, உருமாற்ற வளர்ச்சிக் காரணி என்பன உதாரணங்களாகும். அப்படியாயின் இப்புரதத்தை நேரடியாக மூட்டினுள் ஊசி மூலம் செலுத்தினால் என்ன?

மூட்டினுள் செலுத்தப்படும் புரதம் நெடுநேரம் அங்கு தங்குவதில்லை. சில மணித்தியாலங்கள் தொடக்கம் சில நாட்களுக்குள் அது மூட்டிலிருந்து அகற்றப்பட்டு விடும். கசியிழையம் உருவாகவோ பல வாரங்கள், மாதங்கள் தேவை. திரும்பத் திரும்ப ஊசி ஏற்றுவது வசதியற்றது, செலவு கூடியது, தொற்று ஏற்படும் அபாயமும் உண்டு.

இதற்கு மாற்று வழி ஒன்றுண்டு. புரதத்தைக் கொடுப்பதற்குப் பதிலாக அப்புரதத்தை ஆக்குவதற்கான குறிப்பை, அதாவது பரம்பரையலகைக் கலத்திற்குக் கொடுக்கலாம். டீ.என்.ஏ. யில் உள்ள குறிப்பு ஆர்.என்.ஏ. ஆகப் பிரதி செய்யப்படும். அதனைக் கொண்டு இறைபோசோம் புரதத்தைத் தொகுக்கும். கலமே ஒரு சிறு தொழிற்சாலையாக மாறித் தேவையான இடத்தில் தேவையான புரதத்தைத் தொடர்ந்து உற்பத்தி செய்யும்.

வரைவிலக்கணம்: நோயைக் குணப்படுத்தும் நோக்குடன் கலங்களினுள் பரம்பரையலகொன்றைச் செலுத்துதல் பரம்பரையலகுச் சிகிச்சை எனப்படும். இது ஜீன் சிகிச்சை எனவும் அழைக்கப்படும்.

குறிப்பு: மனித இன்சுலினை உற்பத்தி செய்யப் பற்றீரியாவினுள் மனிதப் பரம்பரையலகைச் செலுத்துவதை நீங்கள் அறிவீர்கள். அங்கு பற்றீரியா புரதத்தை ஆக்குகின்றது. நோயாளி புரதத்தைப் பெறுகின்றார். இங்கு நோயாளியின் மூட்டிலுள்ள கலங்களே புரதத்தை ஆக்குகின்றன. இவ்வேறுபாட்டை நன்கு விளங்கிக் கொள்க.

5. காவிகள்

டீ.என்.ஏ. பெரிய மூலக்கூறு, அது மறையேற்றம் உடையது. கலமென்சவ்வின் மேற்பரப்பும் மறையேற்றம் உடையது. எனவே டீ.என்.ஏ. தானாகக் கலத்தினுள் எளிதிற் புகாது. அதனைச் சுமந்து செல்லும் பொருள் காவி எனப்படும்.

வைரசுக் காவிகள்: நோயை உண்டாக்கும் பகுதிகள் நீக்கப்பட்டு, அவ்விடத்தில் தேவையான பரம்பரையலகு சேர்க்கப்பட்ட வைரசுகள். கலத்தினுள் புகும் திறன் வைரசுகளுக்கு இயல்பாகவே உண்டு. ஏறத்தாழ 25 நனோமீற்றர் விட்டமுள்ள அடினோசார் வைரசு கசியிழைய ஆய்வுகளில் அதிகம் பயன்படுகின்றது.

வைரசு அல்லாத காவிகள்: பிளாசுமிட்டு எனப்படும் வட்ட டீ.என்.ஏ. உடன் நேரேற்றம் கொண்ட பல்பகுதியம் அல்லது கொழுப்பு கலக்கப்படும். நேரேற்றமும் மறையேற்றமும் கவர்ந்து சிறு துணிக்கைகள் உருவாகும். இவை ஆக்குவதற்கு எளிதானவை. ஆயினும் கலத்தினுள் பரம்பரையலகைச் சேர்க்கும் திறன் வைரசுகளை விடக் குறைவு.

6. காவியை மட்டும் செலுத்தும்போது எழும் பிரச்சினைகள்

மனித மூட்டில் பரம்பரையலகுச் சிகிச்சையின் முதலாவது பரிசோதனை 1996 இல் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் ஆரம்பமாயிற்று. மூட்டுவாதம் உள்ள ஒன்பது பெண்களின் விரல் மூட்டுகளில் அழற்சியைத் தடுக்கும் புரதத்திற்குரிய பரம்பரையலகைக் கொண்ட கலங்கள் செலுத்தப்பட்டன. அம்மூட்டுகள் ஏற்கெனவே சத்திரசிகிச்சை மூலம் மாற்றப்படவிருந்தவை. ஒரு வாரத்தின் பின் அகற்றப்பட்ட இழையங்களைச் சோதித்தபோது செலுத்திய பரம்பரையலகு அங்கு தொழிற்பட்டிருந்தது. மூட்டினுள் பரம்பரையலகைச் சேர்க்க முடியும் என்பது இதனால் தெளிவாயிற்று.

ஆனால் கசியிழையக் குழியை நிரப்புவது வேறு விடயம். காவியை மூட்டறையினுள் வெறுமனே செலுத்தினால் அது பாய்பொருளில் கலந்து எங்கும் பரவும். அதில் பெரும்பகுதி மூட்டைச் சூழவுள்ள மென்சவ்விலுள்ள கலங்களால் உள்ளெடுக்கப்படும். குழியில் உள்ள கலங்களுக்குக் கிடைப்பது சொற்பமே. ஆற்றிற் கரைத்த புளி போலாகிவிடும். இதனால் மூன்று பிரச்சினைகள் எழுகின்றன:

(அ) இடம்: தேவையான இடத்தில் காவி தங்குவதில்லை, தேவையற்ற இடங்களுக்குச் செல்கின்றது.
(ஆ) காலம்: முழுக் காவியும் ஒரே நேரத்தில் வெளிப்பட்டு விரைவில் அகற்றப்படுகின்றது.
(இ) நிர்ப்பீடனம்: உடலில் ஏற்கெனவே உள்ள பிறபொருளெதிரிகள் வைரசுக் காவியை அழிக்கலாம். அதிக அளவு காவி கொடுக்கப்பட்டால் கடுமையான எதிர்த்தாக்கம் ஏற்படலாம்.

மூன்றாவது பிரச்சினை எவ்வளவு பாரதூரமானது என்பதை 1999 இல் அமெரிக்காவில் நிகழ்ந்த சம்பவம் உணர்த்தியது. ஈரல் நொதியக் குறைபாட்டிற்காக அடினோவைரசுக் காவி மூலம் பரம்பரையலகுச் சிகிச்சைப் பரிசோதனைக்கு உட்பட்ட 18 வயது இளைஞர் ஒருவர் கடுமையான நிர்ப்பீடனத் தாக்கத்தால் இறந்தார். மூட்டுத் தேய்வு உடனடியாக உயிரைப் பறிக்கும் நோயன்று. ஆகவே அதற்குரிய சிகிச்சை மேலும் அதிக பாதுகாப்பானதாக இருத்தல் வேண்டும். குறைந்த அளவு காவியைச் சரியான இடத்தில் நிறுத்தி வைப்பதே இதற்குரிய வழியாகும். இங்குதான் உயிர்த்திரவியங்கள் உதவுகின்றன.

7. உயிர்த்திரவியங்கள்

வரைவிலக்கணம்: உடலினுள் வைக்கப்பட்டு, உடல் இழையங்களுடன் இசைந்து, மருத்துவத் தேவையொன்றை நிறைவேற்றும் திரவியம் உயிர்த்திரவியம் எனப்படும்.

கசியிழையச் சீராக்கத்திற்கான உயிர்த்திரவியத்தில் இருக்க வேண்டிய பண்புகள்:

• நச்சுத்தன்மையற்றதாக இருத்தல்
• கலங்கள் குடியேறவும் போசணைப் பதார்த்தங்கள் பரவவும் துளைகள் உடையதாக இருத்தல்
• காவியைப் பிடித்து வைத்து மெதுவாக வெளியிடல்
• மூட்டில் ஏற்படும் அழுத்தத்தைத் தாங்குதல்
• புதிய இழையம் உருவாகும் வேகத்திற்கு ஏற்பப் படிப்படியாகச் சிதைதல்

இறுதிப் பண்பு மிக முக்கியமானது. விரைவிற் சிதைந்தால் புதிய இழையத்திற்குத் தாங்கி இல்லாமற் போகும். சிதையாமல் நெடுங்காலம் இருந்தால் புதிய இழையத்திற்கு இடமில்லாமற் போகும். தளத்திற்குக் கொங்கிறீற்று இடும்போது பலகை அடைப்பை எப்போது கழற்றுவது என்று மேசன் காலம் பார்ப்பதை இதனுடன் ஒப்பிடலாம்.

பயன்படும் சில உயிர்த்திரவியங்கள்:

அல்ஜினேற்று – கபில நிற அல்காக்களிலிருந்து பெறப்படும் பல்பகுதியம். சோடியம் அல்ஜினேற்றுக் கரைசலுடன் கல்சியம் அயன்கள் சேரும்போது அது கூழாகின்றது. ஒற்றை ஏற்றம் கொண்ட சோடியம் அயனால் இரண்டு சங்கிலிகளை இணைக்க முடியாது. இரட்டை ஏற்றம் கொண்ட கல்சியம் அயன் அடுத்தடுத்த சங்கிலிகளை இணைத்துப் பிடிக்கும். இவ்வாறு அதிக நீரைக் கொண்ட கூழ் ஐதரோஜெல் எனப்படும்.

கொலாஜன் – விலங்கு இழையங்களிலிருந்து பெறப்படும் புரதம். கடற்பஞ்சு போன்ற துளையுள்ள வடிவில் தயாரிக்கலாம்.

ஐயலூரோனிக் அமிலம் – மூட்டறைப் பாய்பொருளில் இயற்கையாகவே உள்ளது.

கைற்றோசன் – இறால், நண்டு ஓடுகளிலுள்ள கைற்றினிலிருந்து பெறப்படும். நேரேற்றம் உடையதாதலால் டீ.என்.ஏ. யைக் கவர்ந்து வைத்திருக்கும்.

பொலிலக்ரிக்-கிளைக்கோலிக் அமிலம் – செயற்கைப் பல்பகுதியம். உடலினுள் நீர்ப்பகுப்புக்கு உட்பட்டு லக்ரிக் அமிலமாகவும் கிளைக்கோலிக் அமிலமாகவும் மாறும். கரையும் சத்திரசிகிச்சைத் தையல் நூல்களிலும் இது பயன்படுகின்றது.

பொலொக்சமர் – குளிரில் திரவமாகவும் உடல் வெப்பநிலையில் கூழாகவும் இருக்குமாறு தயாரிக்கக்கூடியது. ஆகவே ஊசி மூலம் செலுத்தியபின் குழியிலேயே கூழாக நிற்கும்.

8. சிகிச்சை நிகழும் படிமுறை

படி 1: தேவையான பரம்பரையலகு காவியுடன் சேர்க்கப்படும்.
படி 2: காவி உயிர்த்திரவியத்தினுள் கலக்கப்படும் அல்லது அதன் மேற்பரப்பில் ஒட்டப்படும்.
படி 3: சேதமடைந்த கசியிழையம் சுத்தமாக்கப்பட்டு, அக்குழியினுள் உயிர்த்திரவியம் வைக்கப்படும்.
படி 4: அருகிலுள்ள கலங்களோ என்பு மச்சையிலிருந்து வரும் தண்டுக்கலங்களோ உயிர்த்திரவியத்தினுள் குடியேறும். சில முறைகளில் கலங்கள் முன்கூட்டியே சேர்க்கப்படும்.
படி 5: கலங்கள் காவியை உள்ளெடுக்கும். பரம்பரையலகு கலத்தின் கருவை அடையும்.
படி 6: கலங்கள் வளர்ச்சிக் காரணியை உற்பத்தி செய்யும். அதன் தூண்டலால் இரண்டாம் வகைக் கொலாஜனும் அக்ரிக்கனும் உருவாகும்.
படி 7: உயிர்த்திரவியம் சிதைந்து அகலும். அதன் இடத்தைப் புதிய கசியிழையம் பிடிக்கும்.

இங்கு உயிர்த்திரவியம் மூன்று வேலைகளைச் செய்கின்றது. அது காவியை இடத்தில் நிறுத்துகின்றது. வெளியேறும் வேகத்தைக் கட்டுப்படுத்துகின்றது. கலங்கள் தங்குவதற்கு இடமளிக்கின்றது. பிறபொருளெதிரிகளிடமிருந்து வைரசுக் காவியை ஓரளவு மறைத்துப் பாதுகாக்கவும் முடியும் என ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியுள்ளன.

9. முக்கிய ஆய்வுகள்

1996: அமெரிக்காவின் மிச்சிக்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கொலாஜன் கடற்பஞ்சில் பிளாசுமிட்டைச் சேர்த்து எலிகளின் தொடை என்பு இடைவெளியில் வைத்தனர். அங்கு புதிய என்பு உருவாகியது. இது என்பு பற்றிய ஆய்வாயினும், உயிர்த்திரவியத்தில் பரம்பரையலகை வைத்துக் கொடுக்கும் எண்ணத்திற்கு அடித்தளமிட்டது.

2014: அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பொலிகப்ரோலக்ரோன் இழைகளைத் துணி போல் நெய்து, அதன்மேல் உருமாற்ற வளர்ச்சிக் காரணியின் பரம்பரையலகைச் சுமக்கும் வைரசுக் காவியை ஒட்டினர். நேரேற்றம் கொண்ட பொலிலைசீன் ஒட்டுப்பொருளாகப் பயன்பட்டது. அதில் இடப்பட்ட மனிதத் தண்டுக்கலங்கள், வெளியிலிருந்து வளர்ச்சிக் காரணி சேர்க்கப்படாமலேயே கசியிழையத் தாயத்தை உருவாக்கின.

2021: ஜேர்மனியின் சார்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மக்லி குக்கியாரினி, ஹென்னிங் மட்றி ஆகியோரின் குழுவினர் சிறுவகைப் பன்றிகளில் செய்த ஆய்வை வெளியிட்டனர். இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி-1 இன் பரம்பரையலகைச் சுமக்கும் அடினோசார் வைரசுக் காவி அல்ஜினேற்று ஐதரோஜெல்லில் சேர்க்கப்பட்டு முழங்கால் கசியிழையக் குழிகளில் வைக்கப்பட்டது. கட்டுப்பாட்டுக் குழிகளில், வளர்ச்சிக்கு உதவாத அடையாளப் பரம்பரையலகு கொண்ட அதே ஐதரோஜெல் வைக்கப்பட்டது. ஓராண்டின் பின் சோதித்தபோது, சிகிச்சை பெற்ற குழிகளில் சீராக்கம் மேம்பட்டிருந்தது. குழியைச் சூழவிருந்த கசியிழையமும் தேய்விலிருந்து பாதுகாக்கப்பட்டிருந்தது.

கட்டுப்பாட்டிலும் ஐதரோஜெல் வைக்கப்பட்டதன் காரணத்தைச் சிந்திக்க. ஐதரோஜெல் மட்டும் குழியை நிரப்பியதால் நன்மை கிடைத்ததா, பரம்பரையலகால் கிடைத்ததா என்பதைப் பிரித்தறிவதற்கு மாறி ஒன்று மாத்திரமே வேறுபடல் வேண்டும். பரீட்சையில் பரிசோதனை வினாக்களுக்கு விடையளிக்கும்போதும் இதனை நினைவிற் கொள்க.

10. பாதுகாப்பும் எதிர்காலமும்

தென்கொரியாவில் 2017 இல் முழங்கால் மூட்டுத் தேய்வுக்கான பரம்பரையலகுச் சிகிச்சை மருந்தொன்று அனுமதிக்கப்பட்டது. இன்வோசா என்பது அதன் பெயர். இதில் உயிர்த்திரவியம் பயன்படவில்லை. பரம்பரையலகு சேர்க்கப்பட்ட கலங்கள் ஊசி மூலம் செலுத்தப்பட்டன. அக்கலங்கள் கசியிழையத்திலிருந்து பெறப்பட்டவை எனக் கூறப்பட்டது. ஆயினும் அவை சிறுநீரகத்திலிருந்து பெறப்பட்ட கலவகை எனப் பின்னர் தெரியவந்தது. 2019 இல் அனுமதி இரத்துச் செய்யப்பட்டது. புதிய சிகிச்சை ஒன்றில் பயன்படும் ஒவ்வொரு பொருளும் என்ன, எங்கிருந்து பெறப்பட்டது என்பது சோதித்து உறுதிப்படுத்தப்பட வேண்டும் என்பதே இதிலிருந்து பெறும் பாடமாகும்.

உயிர்த்திரவியம் மூலம் பரம்பரையலகைக் கொடுத்துக் கசியிழையத்தைச் சீராக்கும் முறை இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. தீர்க்கப்பட வேண்டிய விடயங்கள் பல உள்ளன. வளர்ச்சிக் காரணி அளவுக்கு மிஞ்சினால் மூட்டில் தேவையற்ற என்பு வளரலாம். ஆகவே தேவை முடிந்ததும் உற்பத்தி நிற்க வேண்டும். விலங்கின் மூட்டும் மனித மூட்டும் அளவிலும் சுமையிலும் வேறுபடும். மேலும், வயது முதிர்ந்தவரின் மூட்டில் அழற்சி இருப்பதால் புதிய இழையம் உருவாகும்போதே அழியவும் கூடும். இவற்றுக்கு விடை காணப்படும் வரை, உடல் நிறையைக் கட்டுப்படுத்தல், தசைகளைப் பலப்படுத்தும் உடற்பயிற்சி, மூட்டுக் காயங்களைத் தவிர்த்தல், காயமேற்பட்டால் உரிய காலத்தில் வைத்தியரை நாடுதல் ஆகியனவே எம்மிடமுள்ள சிறந்த பாதுகாப்பாகும்.

சுருக்கம்

• மூட்டுக் கசியிழையத்தில் குருதிக் கலன்களும் நரம்புகளும் இல்லை, கலங்கள் குறைவு. ஆகவே அது தானாகக் குணமடைவதில்லை.
• வளர்ச்சிக் காரணிப் புரதம் மூட்டில் நெடுநேரம் தங்காது. அதன் பரம்பரையலகைக் கொடுத்தால் கலங்களே அதனைத் தொடர்ந்து ஆக்கும்.
• பரம்பரையலகைச் சுமப்பது காவி. காவியை உரிய இடத்தில் நிறுத்தி மெதுவாக வெளியிடுவது உயிர்த்திரவியம்.
• சரியான இடம், சரியான காலம், சரியான அளவு ஆகிய மூன்றும் அமைந்தாலே சிகிச்சை வெற்றியளிக்கும்.

பயிற்சி வினாக்கள்

பகுதி 1: மிகப் பொருத்தமான விடையைத் தெரிவுசெய்க.

1. மூட்டுக் கசியிழையக் கலங்கள் போசணையைப் பெறும் பிரதான முறை
(1) மயிர்த்துளைக் குழாய்கள் மூலம் (2) நிணநீர்க் கலன்கள் மூலம் (3) மூட்டறைப் பாய்பொருளிலிருந்து பரவல் மூலம் (4) நரம்புகள் மூலம்

2. சோடியம் அல்ஜினேற்றுக் கரைசலைக் கூழாக்க உதவும் அயன்
(1) சோடியம் (2) கல்சியம் (3) குளோரைட்டு (4) பொற்றாசியம்

3. கைற்றோசன் டீ.என்.ஏ. யைப் பிடித்து வைத்திருக்கக் காரணம்
(1) இரண்டும் மறையேற்றம் உடையவை (2) கைற்றோசன் நேரேற்றமும் டீ.என்.ஏ. மறையேற்றமும் உடையவை (3) இரண்டும் புரதங்கள் (4) இரண்டும் நீரை வெறுப்பவை

பகுதி 2: அமைப்புக் கட்டுரை வினா

4. (i) பரம்பரையலகுச் சிகிச்சை என்றால் என்ன?
(ii) காவியை மூட்டறையினுள் வெறுமனே செலுத்துவதால் ஏற்படும் பிரச்சினைகள் இரண்டு தருக.
(iii) உயிர்த்திரவியம் மிக விரைவாகச் சிதைவதால் ஏற்படும் விளைவு யாது?
(iv) “ஒரே ஊசியில் தேய்ந்த மூட்டு முழுவதும் புதிதாக வளரும்” என விளம்பரம் ஒன்று கூறுகின்றது. இதனை நம்புமுன் நீர் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று எழுதுக.

விடைகள்

1. (3)   2. (2)   3. (2)

4. (i) நோயைக் குணப்படுத்தும் நோக்குடன் கலங்களினுள் பரம்பரையலகொன்றைச் செலுத்துதல்.
(ii) காவி குழியில் தங்காது பிற இடங்களுக்குப் பரவுதல், விரைவாக அகற்றப்படுதல், நிர்ப்பீடனத் தாக்கம் ஏற்படுதல். (ஏதாவது இரண்டு)
(iii) புதிய இழையம் உருவாகுமுன் கலங்களுக்கான தாங்கி இல்லாமற் போகும்; காவி முழுவதும் விரைவில் வெளியேறிவிடும்.
(iv) மனிதரில் கட்டுப்பாட்டுடன் கூடிய பரிசோதனை செய்யப்பட்டதா? செலுத்தப்படும் பொருள் எது, அது எங்கிருந்து பெறப்பட்டது? நாட்டின் மருந்து ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அனுமதித்துள்ளதா? (பொருத்தமான வேறு வினாக்களுக்கும் புள்ளி வழங்கலாம்.)